வளைந்து கொடுக்கும் கோல்

கரையில் நின்று கடலுக்குத் தூண்டில் போடுகிறவருக்கும் குளத்து மேட்டில் உட்கார்ந்து போடுகிறவருக்கும் உள்ள பெரிய வித்தியாசம் அலை. குளத்தில் தக்கை விழுந்த இடத்திலேயே கிடக்கும். கடலில், மீன் மேயும் இடத்துக்கும் நாம் நிற்கும் மணலுக்கும் நடுவே நுரைத்துப் புரளும் ஒரு பட்டை இருக்கிறது. இரை அந்தப் பட்டையைத் தாண்ட வேண்டும். தாண்டியபின் அங்கேயே தங்கவும் வேண்டும். கரைத் தூண்டிலுக்கான கோல்கள் மூன்றரை, நான்கு, ஐந்து மீட்டர் என்று நீண்டுகொண்டே போனதற்கு அதுதான் காரணம்.

கடைக்குப் போகிறவர்கள் முதலில் நீளத்தைக் கேட்கிறார்கள். அடுத்து விலை. அதற்கடுத்து, "எத்தனை கிலோ மீனைத் தாங்கும்?" எப்படி வளையும் என்று கேட்பவர் மிகக் குறைவு. நான் சொல்ல வருவது அந்தக் கேள்வியைப் பற்றித்தான். நான்கு மீட்டர்க் கோல் ஒன்று சரியாக வளையாவிட்டால் அதன் நீளம் எறிகிறவருக்கு எதிராகவே திரும்பும். சரியாக வளைந்தால், மெல்லிய தூண்டில் நரம்பில் பெரிய மீனைக் கரையேற்றலாம். இரண்டுக்கும் பின்னால் இருப்பது பள்ளிக்கூட இயற்பியல்தான்.

அலை உடையும் இடத்தில் இருந்து தொடங்கலாம். தன் உயரத்தைப் போல் ஏறத்தாழ 1.3 மடங்கு ஆழமுள்ள இடத்துக்கு வந்ததும் அலை உடைந்துவிடுகிறது. ஒரு மீட்டர் உயர அலை உடைவதற்கு 1.3 மீட்டர் ஆழம் வேண்டும். கடலடி 50 மீட்டருக்கு ஒரு மீட்டர் வீதம் இறங்கும் தட்டையான கரையில் அந்த ஆழம் 65 மீட்டர் தள்ளி இருக்கும். 10 மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கும் சரிவான கரையில் 13 மீட்டரிலேயே வந்துவிடும். உடையும் அலை மணலைக் கிளறி, அதில் புதைந்திருக்கும் புழுவையும் சிறு நண்டையும் வெளியே தள்ளுகிறது. கிழங்கானும் காலாவும் கெளுத்தியும் அந்த இரைக்காகத்தான் கரையோரம் வருகின்றன. எனவே சரிவான கரையில் மீன் பல நேரம் 20, 30 மீட்டருக்குள்ளேயே நிற்கும். நீளக் கோல் என்றாலே தூர எறிவதற்கு என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கிட்டத்தில் எறிந்தாலும் நீளத்துக்கு வேலை இருக்கிறது.

அந்த வேலையைக் கணக்கில் காட்டலாம். 80 மீட்டர் தள்ளி, இரண்டு மீட்டர் ஆழத்தில் இரையோடு கட்டிய ஈயம் கிடக்கிறது. கோலை மணலில் ஊன்றி நிறுத்தியிருக்கிறோம். நுனி நீர்மட்டத்தில் இருந்து இரண்டு மீட்டர் உயரத்தில் இருந்தால், விறைப்பாக இழுத்த நரம்பு 40 மீட்டரில் தண்ணீருக்குள் இறங்கும். மீதி 40 மீட்டர் நீருக்குள் கிடக்கும். நுனியை நான்கு மீட்டருக்கு உயர்த்தினால் நரம்பு 53 மீட்டர் வரை காற்றிலேயே போகும். நீருக்குள் 27 மீட்டர்தான். அலை மோதுவதும் நீவாடு என்னும் நீரோட்டம் பக்கவாட்டில் இழுப்பதும் பாசி வந்து தொங்குவதும் நீருக்குள் இருக்கும் நரம்பில்தான். அதிலும் நாம் காற்றுக்குள் தூக்கிய 13 மீட்டர் கரைக்கு நெருக்கமான பகுதி. உடைந்த அலை புரண்டு வருவது அங்கேதான். அந்தத் துண்டு தப்பிவிட்டால், முன்பு உருண்டு ஓடிய ஈயம் போட்ட இடத்தில் நிற்கத் தொடங்கும்.

நீளத்தின் இன்னொரு பயன் பாதுகாப்பு. நீளக் கோல் உள்ளவர் நீர் விளிம்பில் இருந்து சில அடி பின்னால் நின்றே நரம்பை அலைக்கு மேல் பிடிக்கலாம். கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் வெயிலும் அமைதியுமாக இருக்கும் நாளில்கூடத் திடீரென்று கடல் ஏறி வரும். தொலைதூரப் புயல்கள் கிளப்பிவிடும் நீண்ட அலைகள் அவை. அவற்றைக் கள்ளக்கடல் என்கிறார்கள். ஹைதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் அதற்கு முன்னெச்சரிக்கை வெளியிடுகிறது. அந்த எச்சரிக்கை உள்ள நாளில் எந்தக் கோலையும் எடுத்துக்கொண்டு கரைக்குப் போகக் கூடாது.

எறியும் அந்த நொடி

இனி எறிவது. காற்றே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், 45 டிகிரி சாய்வில் புறப்பட்ட ஈயம் 100 மீட்டர் போய் விழ, தொடக்க வேகம் நொடிக்கு 31 மீட்டர் இருக்க வேண்டும். மணிக்கு 113 கிலோமீட்டர். காற்றும், பின்னால் இழுபட்டு வரும் நரம்பும் தடுப்பதால் உண்மையில் இன்னும் வேகம் தேவை. இந்த வேகத்தைத் தருவது கோல் என்னும் நெம்புகோல். இரண்டு கைகளும் சேர்ந்து ஒரு மீட்டர் அளவுக்கு அசையும்போது நுனி அதைப் போல் பல மடங்கு தூரத்தைக் கடக்கிறது.

ஈயம் இந்த வேகத்தைப் பிடிக்க ஆறு மீட்டர்ப் பாதை கிடைக்கிறது என்று கொள்வோம். அரை நொடிக்கும் குறைந்த நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். முடுக்கம் சராசரியாகப் புவியீர்ப்பைப் போல் எட்டு மடங்கு வருகிறது. அதாவது 100 கிராம் ஈயம் அந்த நேரத்தில் 800 கிராம் எடையின் விசையோடு நுனியைப் பின்னால் இழுக்கிறது. நான்கு மீட்டர் தள்ளி இருக்கும் அந்த 800 கிராமை, 70 சென்டிமீட்டர் இடைவெளியில் பிடித்திருக்கும் இரண்டு கைகள் சமாளிக்க வேண்டும். மேல்கையில் மட்டும் நாலரைக் கிலோவுக்கு மேல் விசை விழும். உச்சக் கணத்தில் அதைவிடக் கூடும்.

கோலை இன்னும் நீட்டினால் நுனியின் வேகம் கூடாதா? ஒரு கட்டம் வரை கூடும். அதன்பின் கோலின் சொந்த எடையே தடையாகிவிடும். ஒரே தடிமனான கோலை மூன்று மீட்டரில் இருந்து நாலரை மீட்டருக்கு நீட்டினால் அதன் நிலைமத் திருப்புத்திறன், அதாவது சுழற்ற முயலும்போது அது காட்டும் எதிர்ப்பு, 1.5இன் மும்மடியாக ஏறக்குறைய 3.4 மடங்கு ஆகிறது. தோளும் முதுகும் அதற்கு ஈடு கொடுக்காவிட்டால் நீளக் கோல் மெதுவாகத்தான் சுழலும். ஈயம் கிட்டத்தில் விழும். நடுத்தர உடல்வாகு உள்ள ஒருவர் 3.6 மீட்டர்க் கோலில் எறியும் தூரத்தை 4.5 மீட்டர்க் கோலில் எட்ட முடியாமல் போவது இதனால்தான். அவரவர் உடலுக்கு ஏற்ற நீளம் என்று ஒன்று இருக்கிறது. கடையில் கோலைச் சும்மா தூக்கிப் பார்த்தால் அது தெரியாது. வேகமாகச் சுழற்றிச் சட்டென்று நிறுத்திப் பார்க்க வேண்டும். நிறுத்த முடியவில்லை என்றால் அந்தக் கோல் உங்களுக்கு நீளம்.

வளைவு இந்த இடத்தில்தான் உதவிக்கு வருகிறது. சுழற்றத் தொடங்கும்போது ஈயம் அசையாமல் நிற்கப் பார்க்கிறது, கோல் வளைகிறது. வளைந்த கோலின் நுனி கைக்கு அருகில் வந்துவிடுவதால் நெம்புகோலின் நீளம் தற்காலிகமாகக் குறைகிறது. கைக்குப் பாரம் குறைகிறது, ஈயம் மெல்ல நகரத் தொடங்குகிறது. சுழற்சி வேகமெடுத்த பிறகு கோல் நிமிர்கிறது. நெம்புகோல் தன் முழு நீளத்துக்கு வருகிறது, வளைவில் சேர்ந்திருந்த ஆற்றலும் ஈயத்துக்குப் போய்ச் சேர்கிறது. முதல் கியரில் பேருந்தைக் கிளப்பி, ஓடத் தொடங்கியதும் மேல் கியருக்கு மாற்றும் ஓட்டுநரின் வேலையை வளைவு தானாகவே செய்கிறது.

இது நடக்கவேண்டுமானால் ஈயத்தின் எடையும் கோலின் விறைப்பும் பொருந்த வேண்டும். 200 கிராமுக்கென்று செய்த விறைப்பான கோலில் 60 கிராம் ஈயத்தைக் கட்டினால் கோல் வளையவே வளையாது. வெறும் கழியால் வீசுவது போலத்தான். மறுபக்கம், 60 கிராமுக்கான மென்மையான கோலில் 150 கிராமைக் கட்டினால் அது அடிவரை வளைந்து, நிமிர்வதற்குள் சுழற்சி முடிந்துவிடும். ஈயம் தாழ்வாகப் போய் அலையில் விழும். கோலே முறிவதும் உண்டு. கோலின் மேல் "100–200 கிராம்" என்று அச்சிட்டிருந்தால் அதன் நடுப்பகுதியில், 130, 150 கிராமில்தான் பெரும்பாலும் அது நன்றாக எறியும். அந்த எண்ணுக்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒருவரின் 150 இன்னொருவரின் 100 ஆக இருக்கலாம்.

எறியும் விசையை நரம்பும் தாங்க வேண்டும். சுருளில் உள்ள மெல்லிய நரம்பை நேரே ஈயத்தில் கட்டி முழு விசையோடு எறிந்தால் அது அறுந்துவிடும். 100 கிராம் ஈயம் மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது. ஆட்கள் நடமாடும் கடற்கரையில் அது உயிரையே எடுக்கும். எனவே முனையில் தடித்த நரம்பை முன்நரம்பாகச் சேர்ப்பார்கள். பழகிய கணக்கு: ஈயத்தின் எடை எத்தனை அவுன்சோ அதைப் பத்தால் பெருக்கினால் முன்நரம்பு தாங்க வேண்டிய பவுண்டு எடை வரும். 100 கிராமுக்கு 16 கிலோ, 150 கிராமுக்கு 24 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். நீளம், கோலைப் போல் இரண்டு மடங்கும், சுருளில் நாலைந்து சுற்று கிடக்க மேற்கொண்டு கொஞ்சமும். கோல் நீண்டால் முன்நரம்பும் நீளும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

மூங்கில், கண்ணாடி, கார்பன்

வளையும் கோலுக்கு இயற்கை தந்த முதல் பொருள் மூங்கில். அதன் இழைகள் சுவரின் வெளிப்புறத்தில் நெருக்கமாகவும் உட்புறத்தில் கலைந்தும் இருக்கும். ஒரு குழாய் வளையும்போது அதிக இழுவிசையும் அமுக்கமும் விழுவது வெளித்தோலில்தான். வலிமை எங்கே தேவையோ அங்கேதான் மூங்கில் இழையைக் குவித்து வைத்திருக்கிறது. கணுக்களுக்கு இன்னொரு பணி. மெல்லிய சுவருள்ள குழாயை வளைத்தால் அதன் வட்டமான குறுக்குவெட்டு நசுங்கி முட்டை வடிவமாகும். நசுங்க நசுங்க விறைப்பு குறைந்து, ஒரு கட்டத்தில் சட்டென்று மடிந்துவிடும். இந்த நசுங்கலைப் பிரேசியர் என்பவர் 1927இல் கணிதத்தால் விளக்கினார். மூங்கிலில் கணுவுக்குக் கணு உள்ளே இருக்கும் தடுப்புச் சுவர் அந்த நசுங்கலைத் தடுக்கிறது.

சீனத்தின் குவாங்டாங் பகுதியில் விளையும் டோங்கின் மூங்கிலைப் பிளந்து, ஆறு பட்டைகளாகச் சீவி ஒட்டிச் செய்த கோல்கள்தான் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மேல்நாடுகளில் உயர்ந்தவை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் சீன மூங்கில் வருவது நின்றது. அமெரிக்க வேதியியலாளர் ஆர்தர் ஹவால்டு, உடைந்துபோன மூங்கில் கோலின் நுனிக்கு மாற்றாகக் கண்ணாடி இழையையும் ரெசினையும் சேர்த்து நுனி செய்தார். அந்த முறையில் ஷேக்ஸ்பியர் நிறுவனம் 1940களின் பிற்பகுதியில் கண்ணாடி இழைக் கோல்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1950இல் அமெரிக்கா சீன வணிகத்துக்குத் தடை விதித்தது. மூங்கிலின் காலம் ஏறக்குறைய அதோடு முடிந்தது.

கார்பன் இழை வேறு துறையில் இருந்து வந்தது. விமானங்களுக்கு எடை குறைந்த, விறைப்பான பொருள் தேடிய பிரிட்டனின் ஃபார்ன்பரோ ஆய்வு மையத்தில் 1960களின் முற்பாதியில் உறுதியான கார்பன் இழை தயாரிக்கும் முறை வகுக்கப்பட்டது. ஏறக்குறைய அதே காலத்தில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இணையான வேலைகள் நடந்தன. 1970களின் தொடக்கத்தில் அது தூண்டில் கோலாகிவிட்டது.

இரண்டு இழைகளுக்கும் உள்ள வேறுபாட்டை இரண்டே எண்களில் சொல்லலாம். விறைப்பில் கண்ணாடி இழை 70 கிகாபாஸ்கலை ஒட்டியது, வழக்கமான கார்பன் இழை 230. எடையிலும் கார்பன்தான் குறைவு. ஆனால் அறுவதற்கு முன் கண்ணாடி இழை 4 சதவீதத்துக்கு மேல் நீளும். கார்பன் இழை 1.5 முதல் 2 சதவீதத்தோடு நின்றுவிடும். விலை உயர்ந்த மிகை விறைப்புக் கார்பனில் இந்த எண் இன்னும் குறைவு. எனவே "உயர்ரக கார்பன்" என்று பெருமையாக அச்சிட்ட கோல்தான் கல்லில் ஒருமுறை இடித்ததும் முறிகிறது. கார்பன் கோலுக்கு இன்னொரு பலவீனமும் உண்டு: இழுப்பதைத் தாங்கும் அளவுக்கு அது அமுக்கத்தைத் தாங்காது. மீனைத் தூக்கும் அவசரத்தில் கோலைத் தலைக்குப் பின்னால் சாய்த்தால் வளைவு முழுவதும் நுனியின் இரண்டடியில் குவிந்து, உட்புற இழைகள் அமுங்கி நொறுங்கும்.

கார்பனின் நன்மை, அசைவு சீக்கிரம் அடங்குவது. ஒரே வடிவத்தில் செய்தால் கார்பன் கோல் கண்ணாடிக் கோலைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் அதிரும். எறிந்து முடிந்ததும் நுனி ஆடிக்கொண்டே இருந்தால் ஓடும் நரம்பை அது அடித்து வேகத்தைக் கெடுக்கும். கார்பன் நுனி சட்டென்று நிற்கும். மீன் கொத்துவதும் கைக்குத் தெளிவாகத் தெரியும். அடியும் இடையும் கார்பன், நுனி மட்டும் உள்ளீடு நிறைந்த மெல்லிய கண்ணாடி இழை என்று சேர்த்துச் செய்யும் மத்தியதரைக் கடல் நாட்டுக் கோல்கள் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. எறிய விறைப்பும் கொத்தைக் காட்ட மென்மையும் ஒரே கோலில் கிடைக்கின்றன. சிறு மீன் இரையைச் சுவைத்துப் பார்க்கும்போது நுனி அதனோடு சேர்ந்து அசைகிறது; மீன் சந்தேகப்பட்டு விடுவதில்லை.

கடைசிப் பத்து மீட்டர்

மீன் மாட்டிய பிறகு கோலின் பொறுப்பு மாறுகிறது. இப்போது நெம்புகோல் மீனின் பக்கம். மூன்று கிலோ விசையோடு மீன் இழுக்கிறது, கோல் நான்கு மீட்டர், வளையவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அடி வயிற்றில் ஊன்றியிருக்க, 60 சென்டிமீட்டர் மேலே பிடித்திருக்கும் கையில் 20 கிலோ விழும். அதே கோல் நன்றாக வளைந்து நுனி மீனைப் பார்த்துத் திரும்பிவிட்டால், நெம்புகோலின் நீளம் ஒன்றரை மீட்டராகச் சுருங்கும்; கையில் ஏழரைக் கிலோதான். நீளக் கோலில் வளைவு இல்லாவிட்டால் ஐந்து நிமிடத்தில் தோள் கழன்றுவிடும்.

நரம்பின் கணக்கு இதைவிட முக்கியம். நைலான் நரம்பு, நம் ஊரில் தங்கூஸ் என்று கேட்டு வாங்குவது, நல்ல இழுப்பில் பத்து சதவீதம் நீளும். 80 மீட்டர் நரம்பு வெளியே இருக்கும்போது அதுவே எட்டு மீட்டர் விட்டுக்கொடுக்கும். மீன் எவ்வளவு துள்ளினாலும் அதிர்ச்சி கைக்கு வராது. அங்கே கோல் விறைப்பாக இருந்தாலும் பெரிய கேடில்லை. மீன் கரையை நெருங்க நெருங்க நிலைமை மாறுகிறது. பத்து மீட்டர் நரம்பில் ஒரு மீட்டர்தான் நீட்சி. அதே இடத்தில்தான் உடைந்த அலை திரும்பி ஓடும் இழுப்பும் மீன் மேல் சேர்கிறது. வயிறு மணலில் பட்டதும் மீன் தன் முழு பலத்தையும் காட்டுகிறது. கரைத் தூண்டிலில் பல மீன்கள் காலடியில் வந்தபிறகு போய்விடுவது இந்தப் பத்து மீட்டரில். இங்கே விட்டுக்கொடுக்க மிச்சம் இருப்பது கோலின் வளைவு மட்டும்தான். நுனி ஒன்றரை மீட்டர் இறங்கிக் கொடுத்தால் அது நரம்பின் நீட்சியைவிடக் கூடுதல்.

பிரெய்டு எனப்படும் பின்னல் நூல் போடுகிறவர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். அந்த நூல் மூன்று, நான்கு சதவீதத்துக்கு மேல் நீளாது. மெல்லியது, தூரம் போகும், கொத்து தெளிவாகத் தெரியும். ஆனால் அதிர்ச்சியைத் துளியும் உள்வாங்காது. நைலானோடு பழகிய விறைப்பான கோலிலேயே பின்னல் நூலை மாற்றிப் போட்டு, முள் மீன் வாயைக் கிழித்துக்கொண்டு வந்துவிடுகிறது என்று குறைப்படுகிறவர்கள் நிறைய. உதடு மென்மையான மடவை போன்ற மீன்களில் இது உடனே தெரியும். நூலை மாற்றினால் கோலையும் ஒரு படி மென்மையாக எடுக்க வேண்டும்.

இந்த உண்மையை எல்லைவரை கொண்டுபோனவர்கள் ஜப்பானியர்கள். பாறைக் கரைகளில் நின்று அவர்கள் பிடிக்கும் கோலுக்கு வழக்கமான நீளம் 5.3 மீட்டர். ஒன்றுக்குள் ஒன்றாக நுழையும் ஐந்து குழாய்கள். மொத்த எடை 200 கிராமுக்கும் குறைவு. முள்ளுக்கு மேலே கட்டும் நரம்பு 0.2 மில்லிமீட்டர், ஏறக்குறைய மூன்று கிலோ தாங்கும். இதைக் கொண்டு பாறையிடுக்கில் புகுந்து அறுக்கப் பார்க்கும் குரோதாய், மெஜினா போன்ற முரட்டு மீன்களைப் பிடிக்கிறார்கள். மீன் பாய்ந்ததும் கோல் அடிவரை அரைவட்டமாகக் குனிகிறது; நிமிர முயலும் அதன் விசை ஒரு கணமும் விடாமல் மீனை மேலே தூக்கிக்கொண்டே இருக்கிறது. நீளம் நரம்பைப் பாறை விளிம்பில் உரசாமல் தள்ளிப் பிடிக்கிறது. அந்தக் கோல்களுக்கு 1, 1.5, 2, 3 என்று எண் இட்டிருப்பார்கள். எண் கூடக்கூட விறைப்பு கூடும்; ஒவ்வொரு எண்ணுக்கும் ஏற்ற நரம்பின் தடிமன் உண்டு. கோலையும் நரம்பையும் ஒரே ஜோடியாகப் பார்க்கும் அந்த முறை நமக்கும் வர வேண்டும்.

அதே நாட்டின் மணல் கரைகளில் வேறு கோல். நம் கிழங்கானின் நெருங்கிய உறவான கிசு என்னும் மீனுக்காக நான்கு மீட்டர்க் கோலில் 94 முதல் 112 கிராம் வரை ஈயம் கட்டி எறிகிறார்கள். மீன் ஒரு சாண் நீளம்தான். ஈயத்தை எறியத் தேவையான விறைப்பு இருப்பதால் அந்தச் சிறு மீனின் கொத்து தெரியாமல் போகக்கூடும் என்பதற்காக, ஈயத்தை மெதுவாக மணலில் இழுத்துக்கொண்டே வந்து கையால் உணர்கிறார்கள்.

நம் கரைகளுக்கு எந்தக் கோல்?

சென்னையில் இருந்து தெற்கே நீளும் சோழமண்டலக் கரையில் அலை எப்போதும் உண்டு, பல இடங்களில் கரை சட்டென்று இறங்கும். 3.6 முதல் 4.2 மீட்டர் வரை நீளமும், 100 முதல் 150 கிராம் ஈயத்துக்கு அடியில் விறைப்பும் மேல்பாதியில் நல்ல வளைவும் உள்ள கோல் இங்கே போதும். தொண்டி, மண்டபம் பக்கத்துப் பாக் நீரிணைக் கரை ஆழமில்லாதது, அலை குறைந்தது. அங்கே 150 கிராம் ஈயத்துக்கு வேலையே இல்லை. 40 முதல் 80 கிராம் எறியும் மூன்று, மூன்றரை மீட்டர் மென்மையான கோல்தான் பொருத்தம். கன்னியாகுமரி மாவட்டத்தில் கடலரிப்பைத் தடுக்கப் பாறாங்கற்களைக் கொட்டிக் கடலுக்குள் நீட்டியிருக்கும் தூண்டில் வளைவுகளின் மேல் நிற்பவருக்கு, நரம்பைக் கல்லில் படாமல் பிடிக்க நாலரை மீட்டரும் அதற்கு மேலும் உதவும். எறிதூரம் அங்கே முக்கியமில்லை. ஈரக் கல்லில் பாசி வழுக்கும் என்பதால், இரண்டு கையையும் எடுத்துக்கொள்ளும் கனமான கோல் அங்கே ஆபத்து.

கோலின் வளைவை அளக்க ஒரு தண்ணீர் பாட்டில் போதும். கோலின் அடியை மேசையில் கிடையாக வைத்து ஒருவரை அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். நுனி வளையத்தில் கயிறு கட்டி, அரை லிட்டர் பாட்டிலைத் தொங்கவிடுங்கள். நுனி எத்தனை அடி இறங்குகிறது என்பதைவிட, வளைவு எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். அதே கோலில் ஒரு லிட்டரைத் தொங்கவிட்டால் வளைவு அடியை நோக்கி நகர வேண்டும். பாரம் கூடக்கூட வளைவு படிப்படியாக இறங்கிவரும் கோல் நல்ல கோல். ஒரு குறிப்பிட்ட இடத்தில், பெரும்பாலும் இணைப்புக்குப் பக்கத்தில், வளைவு தடைப்பட்டு மூட்டுப் போலத் திரும்பினால் அந்தக் கோல் அங்கேதான் ஒருநாள் முறியும். இரண்டு கோல்களை ஒப்பிட, நுனி கோலின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்குவதற்கு எவ்வளவு தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். 3.9 மீட்டர்க் கோலுக்கு அது 1.3 மீட்டர். அச்சிட்ட எண்களைவிட இந்த எண் நம்பத்தக்கது, ஏனென்றால் இரண்டையும் அளந்தது ஒரே பாட்டில். பென்னி நாணயங்களை வைத்து வில்லியம் ஹானிமன் என்ற அமெரிக்கர் பரப்பிய அளவை முறையின் அடிப்படையும் இந்த மூன்றில் ஒரு பங்குதான்.

நான்கு மீட்டர்க் கோலைப் பேருந்தில் கொண்டுபோக முடியாது என்பதால் துண்டுகளாகக் கழற்றுவது அல்லது குழாய்களாக உள்ளே தள்ளுவது என்று இரண்டு வழி. மூன்று துண்டுக் கோல் ஒன்றரை மீட்டருக்குள் அடங்கும். வளைவும் ஒழுங்காக இருக்கும். உள்ளே தள்ளும் வகை பைக்குள் அடங்குமளவுக்குச் சுருங்கும், விலையும் குறைவு. ஆனால் மணல் உள்ளே புகுந்தால் ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் குழாயைச் சுரண்டும். வீடு திரும்பியதும் அடிமூடியைத் திருகி எடுத்து, ஒவ்வொரு குழாயையும் நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிடச் சோம்பல்படாதவருக்கு மட்டும் அது சரி.

கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். இடி இடிக்கும் வானத்தின் கீழ் திறந்த மணலில் நான்கு மீட்டர்க் கார்பன் கோலை நிமிர்த்திப் பிடிப்பது இடிதாங்கியைக் கையில் பிடிப்பதுதான். கோடை மழைக்கும் வடகிழக்குப் பருவமழைக்கும் முன்னோடியாகக் கறுத்து வரும் மாலைகளில் கோலைக் கீழே போட்டுவிட்டு விலகிவிட வேண்டும். கடற்கரைச் சாலையில் மேலே போகும் மின்கம்பிகளும் அப்படியே. கோலைக் கழற்றிய பிறகே சாலையைக் கடக்க வேண்டும்.

கோலை வாங்கி, நரம்பு ஏற்றியபின் ரீலின் இழுவையை, அதாவது மீன் எவ்வளவு பலமாக இழுத்தால் நரம்பு தானாக வெளியே போகலாம் என்பதை, அமைக்க வேண்டும். பலர் ரீலில் இருந்து நேராக நரம்பைக் கையால் இழுத்துப் பார்த்து அமைக்கிறார்கள். கோல் வளைந்து நிற்கும்போது நரம்பு ஒவ்வொரு வளையத்திலும் உரசித் திரும்புகிறது. அந்த உராய்வு சேர்ந்து, மீன் முனையில் உணரும் விசை ரீலில் அமைத்ததைவிடக் கூடிவிடும். பயணப் பெட்டிகளை எடைபோடும் சிறிய தொங்கு தராசு ஒன்றை நரம்பு முனையில் கட்டி, கோலை மீனோடு போராடும் சாய்வில், 45 டிகிரியில் பிடித்து, இன்னொருவரை நடந்துபோய் இழுக்கச் சொல்லுங்கள். கோல் வளைந்து நரம்பு ஓடத் தொடங்கும் கணத்தில் தராசு காட்டும் எடை, நரம்பின் தாங்குதிறனில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும். எட்டுக் கிலோ நரம்புக்கு அது இரண்டில் இருந்து இரண்டே முக்கால் கிலோ வரை. மீன் காலடிக்கு வந்து கடைசிப் பத்து மீட்டரில் அலை பின்வாங்கும்போது ரீலின் இழுவைத் திருகை இறுக்காமல் விட்டு, அடுத்த அலை ஏறிவரும்போது கோலைத் தாழ்த்திப் பின்னால் நடந்தால், தண்ணீரே மீனை மணலுக்குத் தூக்கி வந்துவிடும்.